ஸ்டுடியோவில் நேரில் கேட்ட கச்சேரியும் வீடியோவில் வந்த கச்சேரியும் ஒன்றுதானா?

அல்சூர் ஏரிக்கரை
ஞாயிறு, இரவு 9:50

மூன்று மாதத்துக்கு முன் பெங்களூரு குக் டவுன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் நடந்த கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போயிருந்தேன். மொத்தமே முப்பது பேர்தான். செருப்பை வெளியில் விட்டு, போனை அணைத்து ஒரு கூடையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு சாண் உயர மேடை, வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம். ஸ்பீக்கரே கிடையாது. நான் பாடகியிடமிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். சௌடய்யா ஹாலில் எத்தனையோ முறை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆலாபனை தொடங்குமுன் ஒருவர் மூச்சு இழுக்கும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மெயின் பாட்டு கரகரப்பிரியா ராகம், தியாகராஜர் கீர்த்தனை. நிரவலில், அதாவது ஒரே வரியை எடுத்துக்கொண்டு புதிது புதிதாகப் பாடும் பகுதியில், மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) தொடப்போன இடத்தில் பாடகிக்குக் குரல் பிசிறியது. வரியை விட்டுவிட்டார். மிருதங்கக்காரர் விரல் நுனியில் தாளத்தை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, அப்படியே போனது. வயலின்காரர் அந்த வரியின் முதல் சொல்லை வில்லில் மெல்ல எடுத்துக் கொடுத்தார். பாடகி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கீழே பஞ்சமத்திலிருந்து படிப்படியாக ஏறி அதே ஷட்ஜத்தில் வந்து நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது.

போன வாரம் வீடியோ வந்தது. படம் அழகு, ஒலி சுத்தம். ஆனால் அந்த இடம் இல்லை. நிரவல் தடங்கல் இல்லாமல் ஓடி மேல் ஷட்ஜத்தில் நிற்கிறது. தலைப்பில் ‘நேரலைக் கச்சேரி’ என்று போட்டிருக்கிறார்கள். நான்கு முறை பார்த்துவிட்டேன். நான் கேட்ட கச்சேரி எங்கே போனது? இதில் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கப்பன் பார்க்
ஞாயிறு, இரவு 10:35

வருத்தம் புரிகிறது. ஆனால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நான் இண்டி பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், இதே ஊரில் இரண்டு ஸ்டுடியோ செஷன்கள் செய்திருக்கிறோம். இந்த வகை வீடியோவுக்கு நம் பக்கம் பெரிய வாசலைத் திறந்தது 2008இல் பாகிஸ்தானில் வந்த கோக் ஸ்டுடியோ என்ற டிவி இசைத் தொடர். இந்தியப் பதிப்பு 2011இல் எம்டிவியில் வந்தது. எல்லோரும் ஒரே அறையில் வாசிப்பார்கள், ஒவ்வொரு வாத்தியமும் தனி டிராக்கில் போகும், பிறகு உட்கார்ந்து மெருகேற்றுவார்கள். அது ஒரு ஆல்பம் செய்கிற வேலைதான், கூடவே படமும் எடுக்கிறார்கள், அவ்வளவே.

அதே 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் என்பிஆர் வானொலி அலுவலகத்தில் டைனி டெஸ்க் என்ற கச்சேரி வீடியோத் தொடர் தொடங்கியது. அது வேறு வழி. பாடுபவரின் குரலை அறைக்குள் பெருக்கிக் கொடுக்க மாட்டார்கள். அதனால் டிரம்ஸ்காரர் தானாகவே கையை அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும். எதிரில் அலுவலகத்து ஆட்கள் நின்று கேட்பார்கள். நீங்கள் போனது இரண்டாவது வகை, வெளியே வந்த வீடியோ முதல் வகை. சங்கடம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஃபேடர்
திங்கள், காலை 7:15

நான் சவுண்ட் எஞ்சினியர், நீங்கள் சொல்லும் ஸ்டுடியோவில் இல்லை. ஒரே ஒரு கேள்வி. அன்று மிருதங்கம் எங்கே இருந்தது? பாடகிக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடியோ தடுப்போ இருந்ததா?

அல்சூர் ஏரிக்கரை
திங்கள், காலை 8:02

எதுவும் இல்லை சார். கை நீட்டினால் தொடும் தூரம். மூவரும் ஒரே ஜமக்காளத்தில்.

ஃபேடர்
திங்கள், மதியம் 1:30

அப்படியானால் அந்தக் குரலை அவர்கள் கம்ப்யூட்டரில் திருத்தியிருக்க முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

மூவர் அருகருகே உட்கார்ந்து பாடினால் ஒவ்வொரு மைக்கிலும் மற்ற இருவரின் ஒலியும் விழும். நாங்கள் அதைப் ‘ப்ளீட்’ என்போம், கசிவு. பாடகியின் குரல் அவருடைய மைக்கை உடனே அடைகிறது. மிருதங்கத்தின் மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே சுமார் 3 மில்லிசெகண்டு தாமதமாகப் போய்ச் சேர்கிறது. இரண்டையும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகும். அதைக் குறைக்க வழிகள் உண்டு. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஓரடி என்றால், அடுத்த மைக்கை மூன்றடியாவது தள்ளி வைப்பது ஒன்று. எட்டு வடிவ மைக் என்று ஒன்று உண்டு, முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் கிட்டத்தட்ட செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தை மிருதங்கத்துக்குக் காட்டி வைத்தால் பாதிக் கசிவு போய்விடும். மீதிப் பாதி இருக்கும், இருக்கட்டும். அந்தக் கசிவுதான் மூவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று உங்கள் காதுக்குச் சொல்வது.

இப்போது பிசிறிய ஒரு ஸ்வரத்தைத் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். குரல் மைக்கில் திருத்திவிடலாம். வயலின் மைக்கிலும் மிருதங்க மைக்கிலும் பழைய பிசிறு அப்படியே இருக்கும். கலந்து கேட்டால் இரண்டு பாடகிகள் பாடுவது போல வரும். ஆகவே நீங்கள் வீடியோவில் கேட்டது திருத்தம் அல்ல. ரசிகர்கள் போன பிறகு அந்தப் பாட்டையே மறுபடி பாடியிருக்கிறார்கள், அல்லது முதல் நாளே ஒருமுறை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. காலி அறையும் ஆள் நிறைந்த அறையும் ஒன்றல்ல. முப்பது பேரின் துணியும் உடம்பும் மேல் அலைவரிசைகளை நன்றாகவே உறிஞ்சும். ஹெட்போனில் அந்த நிரவலையும் அதற்கு முந்தைய ஆலாபனையையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நிரவலில் கைத்தாளத்தின் ஒலி கொஞ்சம் கூடுதலாகக் கணகணக்கும்.

அல்சூர் ஏரிக்கரை
திங்கள், இரவு 9:10

கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. நிரவலில் அறை பெரிதாகிவிடுகிறது.

மூன்றாம் கேமரா
திங்கள், இரவு 11:20

நான் இத்தகைய செஷன்களில் கேமரா பிடிக்கிறவன். வேறு ஸ்டுடியோ, வேறு கச்சேரிகள். தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள், பூவைப் பாருங்கள். மறுபடி எடுத்த பகுதியில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும்.

மறு டேக், அதாவது இன்னொரு முறை பாடிப் பதிவது, கேட்பது பல சமயம் நாங்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன அறையில் நான்கு கேமரா என்றால் ஒன்றை ஒன்று மறைக்கும். ரசிகர் தலை குறுக்கே வரும். சிலசமயம் மலிவான எல்இடி விளக்கு ஒன்று வேலையைக் கெடுத்துவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் வைத்து எடுப்போம். யாராவது ஒருவர் அதை மாற்றிவிட்டால் அந்தக் கேமராவில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். பாட்டு பிரமாதமாக வந்திருக்கும், படம் போயிருக்கும். அப்போது கலைஞரிடம் போய் ‘இன்னொரு தடவை’ என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கூசும்.

அல்சூர் ஏரிக்கரை
செவ்வாய், காலை 6:40

ஃபிளாஸ்க். பாடகியின் இடது பக்கம் ஒரு நீல ஃபிளாஸ்க் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடியோவில் ஆலாபனையில் இருக்கிறது, நிரவலில் இல்லை. ரசிகர்கள் தலையாட்டும் காட்சியை நிரவலின் நடுவில் இரண்டு முறை வைத்திருக்கிறார்கள். அதில் நானும் இருக்கிறேன். நான் கேட்காத ஒன்றுக்கு நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலந்தலை
செவ்வாய், மாலை 4:45

கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது.

நான் மிருதங்கம் வாசிக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. ஸ்டுடியோ செஷன் எங்கள் கைக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஏசி போட்ட அறையில் தோல் காயும், வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது பக்கம், சுருதி ஏறும். ரெக்கார்டிங் தொடங்கும்போது சத்தம் வரக் கூடாது என்று ஏசியை அணைப்பார்கள். முப்பது பேர் மூச்சு விடும் அறையில் கொஞ்ச நேரத்தில் ஈரம் சேர்ந்து சுருதி இறங்கும். விளக்குச் சூட்டில் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ஒட்டிய ரவை காய்ந்து ‘தொம்’ மெலிந்துபோகும். நடுவில் தண்ணீர் தொட்டுத் தடவ வேண்டும், கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து வாரில் தட்டிச் சரிசெய்ய வேண்டும். சபாவில் அந்த நேரத்தில் பாடகர் ஏதாவது பேசுவார், ரசிகர்கள் காப்பிக்குக்கூட எழுந்து போவார்கள். ஸ்டுடியோவில் அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அதைவிடக் கஷ்டம், கேமராவுக்காக உடம்பைத் திருப்பச் சொல்வது. பதினைந்து டிகிரிதான் சார் என்பார்கள். அந்தப் பதினைந்து டிகிரியில் பாடகியின் இடது தோளும் தொடையில் தாளம் போடும் கையும் என் பார்வையிலிருந்து போய்விடும். நிரவலில் அவர் எங்கே எடுக்கப் போகிறார் என்பதை அந்தக் கை எனக்கு அரை வினாடி முன்னால் சொல்லும். நீங்கள் சொன்ன அந்த ஒரு ஆவர்த்தனம், மிருதங்கக்காரர் தாங்கிக்கொண்டிருந்தார் என்றீர்களே, அவர் பாடகியைப் பார்க்க முடிகிற இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் வணக்கம்.

மறு டேக்கில் நாங்கள் சரியாக வாசிப்போம். தவறாமல் வாசிப்போம். ஆனால் எங்கே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், கையில் ஒரு எச்சரிக்கை வந்துவிடும். நிரவல் அன்றைக்கு அன்றே பிறக்க வேண்டியது. இரண்டாம் முறை பாடினால் முதல் முறையின் நினைவைத்தான் பாடுகிறோம்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ்
செவ்வாய், இரவு 8:30

எனக்கு வயது எழுபத்தொன்பது. பேரன் இந்த இழையைக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

ஸ்டுடியோவுக்குள் சில பேரை மட்டும் உட்கார வைத்துக் கச்சேரி செய்வதைப் புதுசு என்கிறீர்கள். எங்களுக்கு அது வானொலி. 1954இல் ஆகாசவாணி தொடங்கிய சங்கீத சம்மேளனம் அழைத்த ரசிகர்கள் முன்னால்தான் நடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி வந்துவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பாத்திரம் தேய்க்கக் கூடாது.

என் அக்கா வானொலியில் பி-ஹை கிரேடு கலைஞர், அது வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் ஒன்று. நேரடி ஒலிபரப்புக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தடிமனான இரட்டைக் கதவு. உள்ளே போனால் காது அடைத்த மாதிரி இருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சைக்கூட எண்ணி விட வேண்டும். அன்று பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருமினாள், வயலின்காரர் அந்த இடத்தை நிரப்பினார், பாட்டு போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் மார்க்கெட்டில் பூக்காரி கேட்டாள், ‘அக்காவுக்குத் தொண்டை தேவலையா’ என்று. அதைவிடப் பெரிய மரியாதை அவளுக்கு எந்த சபாவிலும் கிடைக்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமராஜ்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்தில் 1939இலிருந்து ராமநவமிக் கச்சேரி நடக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பேரோடு உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன். அங்கே ஆட்டோ ஹாரன் கேட்கும், குழந்தை அழும். யாரும் அதை வெட்டியதில்லை. தம்பி, நீங்கள் கேட்டது உங்களோடு இருக்கிறது, அது போகாது. ஆனாலும் அவர்கள் அதை அழித்திருக்கக் கூடாது.

ஐந்தரைக் கட்டை
புதன், காலை 10:15

எல்லாவற்றையும் படித்தேன். பாடகிகள் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் அந்தக் கச்சேரியில் பாடியவள் இல்லை.

மாமி சொன்ன அக்காவின் இருமல் காற்றோடு போய்விட்டது. கேட்டவர்கள் அக்கறையோடு கேட்டார்கள். என் பிசிறு இணையத்தில் பத்து வருடம் கழித்தும் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செஷனில் ஒரு சங்கதி, ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம், எனக்குச் சரியாக விழவில்லை. அப்படியே விட்டுவிடுங்கள் என்று நானே சொன்னேன், நேர்மையாக இருக்கட்டும் என்று. யாரோ அந்தப் பதினோரு வினாடியை மட்டும் வெட்டி எடுத்து, தலைப்பு வைத்துப் பரப்பினார்கள். என் மாணவிகளின் அம்மாக்கள் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த சீசனில் வரவேண்டிய ஒரு கச்சேரி வரவில்லை. அதற்குக் காரணம் இதுதானா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்கு அப்படித்தான் தோன்றியது. அதற்குப் பிறகு நான் மறு டேக் கேட்கிறேன். மூன்று தடவைகூடக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பாடகியும் ஒருவேளை அழுதுகொண்டேதான் அதை மறுபடி பாடியிருப்பார். முப்பது பேருக்கு முன்னால் உடைந்து எழுந்ததை முப்பது லட்சம் பேருக்கு முன்னால் வைக்கத் துணிச்சல் வேண்டும். அது எல்லாருக்கும் எல்லா வருடமும் இருப்பதில்லை.

அல்சூர் ஏரிக்கரை
புதன், இரவு 10:50

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. நான் ஸ்டுடியோவைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்திலிருந்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மன்னியுங்கள்.

திருத்தவே கூடாது என்று இனி சொல்ல மாட்டேன். இரண்டே இரண்டுதான் கேட்பேன். மறுபடி பாடியதை ‘நேரலை’ என்று சொல்ல வேண்டாம், வீடியோவின் கீழே ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் முகத்தை, நாங்கள் கேட்காத பாட்டின் நடுவில் ஒட்ட வேண்டாம்.

மாட்டுங்கா டவுன்
வியாழன், காலை 9:05

மும்பையிலிருந்து. இங்கேயும் சின்னச் சின்ன அறைக் கச்சேரிகள் பெருகிவிட்டன. சண்முகானந்தாவின் பெரிய அரங்கிலேயே வளர்ந்த எங்களுக்கு அது புது அனுபவம்தான்.

உரிமை பற்றி யாரும் பேசவில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துவோர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. பதிவு செய்ய அவருடைய சம்மதம் வேண்டும். பெரும்பாலோர் கச்சேரி அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எந்த டேக் வெளியே போகலாம், யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களும் கேட்க வேண்டும், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

பாட்டையும் பாருங்கள். இங்கே காப்புரிமை, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை. தியாகராஜர் மறைந்தது 1847, கவலை இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு அனுமதி வேண்டும். அப்புறம், தியாகராஜர் கிருதி என்றாலும் வீடியோ தளத்தின் தானியங்கிச் சோதனை வேறொருவரின் பழைய பதிவோடு ஒப்பிட்டுத் தடுத்துவிடலாம். எங்கள் குழுவின் பதிவுக்கு ஒரு இசை நிறுவனம் உரிமை கோரியது. ஆட்சேபம் எழுதி மீட்க ஆறு வாரம் ஆனது.

கப்பன் பார்க்
வியாழன், இரவு 11:30

முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எங்கள் பாட்டுக்கு அது பொருந்தும். நாங்கள் காதில் சீராகத் தட்டும் கிளிக் டிராக் வைத்து வாசிக்கிறோம், எந்த டேக்கின் எந்தப் பகுதியையும் ஒட்டலாம். நிரவலுக்கு அது பொருந்தாது என்று வலந்தலை சாரின் பதிவைப் படித்த பிறகுதான் புரிந்தது. நன்றி.

ஃபேடர்
பத்து நாள் கழித்து, ஞாயிறு மாலை 6:00

இந்த இழையை எங்கள் ஸ்டுடியோவில் எல்லாரும் படித்தோம். ஒரு செஷன் செய்து பார்த்தோம், வீணைக் கச்சேரி. வீணையின் ஒலி மெல்லியது, இந்த அறைக்கென்றே செய்தது போல இருக்கும். இருபத்து நான்கு பேர். கேமராவை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தோம், இரண்டையும் சுவரோரம் வைத்தோம், ஆட்கள் அசையவில்லை. மிருதங்கக்காரரை யாரும் திருப்பவில்லை. ஏசியை இருபத்தைந்து நிமிடம் அணைத்து, பிறகு பத்து நிமிட இடைவேளையில் ஓட விட்டோம். அந்த இடைவேளையில் அவர் சுருதி பார்த்துக்கொண்டார். விளக்குகளை உயர்த்திக் கட்டியதில் ரவை முன்னளவு காயவில்லை.

ரசிகர்கள் போன பிறகு வைணிகர் (வீணை வாசித்தவர்) ஒரு பாட்டை மட்டும் மறுபடி வாசிக்க விரும்பினார். வாசித்தார், தனியாகப் பதிவு செய்தோம். இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டோம். நான்கு நாள் வைத்துக் கேட்டுவிட்டு, முதலில் வாசித்ததையே வெளியிடச் சொன்னார். தானம் என்ற, தாளமில்லாமல் லயத்தோடு ராகத்தை வாசிக்கும் பகுதியில் ஓரிடத்தில் நரம்பு உரசும் சத்தம் இருக்கிறது, அதற்குப் பின்னால் யாரோ ‘பலே’ என்று சொல்வது கேட்கிறது. இரண்டும் இருக்கின்றன. மறு டேக்கை அவர் கேட்டபடி அழித்துவிட்டோம்.

அடுத்தது வாய்ப்பாட்டு, வரும் மாதம் இரண்டாவது சனி மாலை ஐந்தரைக்கு. ஐந்தரைக் கட்டை அம்மா விருப்பப்பட்டால் பேசுவோம். எது வெளியே போகும் என்பதை அவர் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கட்டும், ஒன்றுமே போகாவிட்டாலும் சரி.

ஐந்தரைக் கட்டை
ஞாயிறு, இரவு 9:40

வருகிறேன். நிரவல் வைத்த பாட்டு ஒன்று பாடுகிறேன். வெளியிடுவது பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்காதீர்கள்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ்
திங்கள், காலை 7:30

எனக்கும் ஒரு இடம் வேண்டும். தரையில் உட்கார முடியாது, முழங்கால் வலி. முதுகு சாய நாற்காலி கிடைக்குமா? மாடிப்படி எத்தனை?

ஃபேடர்
திங்கள், காலை 7:50

பதினான்கு படி மாமி, கைப்பிடி இருக்கிறது, நான் கீழே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். எங்களிடம் அசைந்தால் கிறீச்சிடாத நாற்காலி ஒன்று இருக்கிறது, அதை முதல் வரிசையில் வலது ஓரம் போடுகிறேன். அங்கிருந்து பாடகியின் தாளக் கை தெரியும்.

அல்சூர் ஏரிக்கரை
திங்கள், காலை 8:05

பக்கத்து இடம் எனக்கு. மாமி, அன்று மாலை நான்கரைக்கு ஆட்டோவோடு எட்டாவது கிராஸ் வந்துவிடுகிறேன்.